தனக்கென்று வைத்திருந்த கிதார்

ஸ்பெயின் நாட்டின் தென்பகுதியில் செவில் என்று ஒரு நகரம் உண்டு. 1869-ம் ஆண்டில் ஒரு நாள், அந்த நகரத்தில் கிதார் செய்யும் ஒரு கடைக்குள் இரண்டு பேர் நுழைந்தார்கள். ஒருவர் பணக்கார வியாபாரி. மற்றவன் மீசை அரும்பும் வயதுப் பையன். பையனுக்குக் கண் பார்வை மங்கல்.

கடைக்காரருக்கு வயது 52. பையனை ஏற இறங்கப் பார்த்தார். இவனுக்கு எதற்கு உயர்ந்த வாத்தியம் என்று நினைத்தாரோ என்னவோ, சாதாரண கிதார் ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.

பையன் அதை மடியில் வைத்துக்கொண்டு வாசித்தான்.

கடைக்காரர் கையில் இருந்த வேலையை அப்படியே போட்டுவிட்டார். எழுந்து போனார். தனக்கென்று செய்து, 5 ஆண்டுகளாகப் பத்திரப்படுத்தி வைத்திருந்த ஒரு கிதாரைக் கொண்டுவந்து பையனிடம் நீட்டினார்.

இப்படித்தான் அந்தக் கதையைச் சொல்லுகிறார்கள். கதை என்றால் கொஞ்சம் மெருகு ஏறியிருக்கும். ஆனால் அந்தக் கிதார் மெய். அது 1864-ம் ஆண்டில் செய்யப்பட்டது. அதைச் செய்தவர் பெயர் அந்தோனியோ தோரஸ். வாங்கிய பையன் பெயர் பிரான்சிஸ்கோ தாரெகா.

தாரெகா என்ற பெயரைக் கேள்விப்படாதவர்கள் இருக்கலாம். அவர் இசையைக் கேட்காதவர்கள் மிகக் குறைவு. நோக்கியா கைபேசி ஒலித்ததே, அந்த மெட்டு! அது தாரெகா எழுதிய ஒரு வால்ஸ் நடன இசையில் இருந்து எடுத்த சிறு துண்டு. கைபேசி என்ற பொருள் கனவிலும் தோன்றாத 1902-ம் ஆண்டில் அவர் அதை எழுதினார்.

வாய்க்காலில் விழுந்த குழந்தை

தாரெகா பிறந்தது 1852-ம் ஆண்டு நவம்பர் 21-ந் தேதி. ஊர் வில்லாரியல். ஸ்பெயினின் கிழக்குக் கரையில், காஸ்தெய்யோன் மாவட்டத்தில் இருக்கிறது. தகப்பனார் ஒரு கன்னிமாடத்தில் காவல்காரர். கிதார் வாசிப்பார். ஏழைக் குடும்பம்தான்.

குழந்தையாக இருக்கும்போது, பார்த்துக்கொண்டிருந்த பெண்ணிடம் இருந்து பிரான்சிஸ்கோ ஒரு நாள் ஓடினான். ஓடியவன் பாசன வாய்க்காலில் விழுந்துவிட்டான். உயிர் பிழைத்தது. ஆனால் கண்களில் அடிபட்டுவிட்டது. அதன் பிறகு பார்வை சரியாகவே இல்லை.

பெற்ற தகப்பனுக்கு எப்படி இருக்கும்? மகன் நாளை முழுக் குருடாகிவிட்டால் யார் சோறு போடுவார்கள்? அவர் யோசித்து ஒரு முடிவுக்கு வந்தார். கண் இல்லாதவனும் செய்யக்கூடிய தொழில் ஒன்று இருக்கிறது. அது சங்கீதம். குடும்பத்தோடு காஸ்தெய்யோன் நகரத்துக்குக் குடிபோனார். மகனைச் சங்கீதம் படிக்க வைத்தார்.

முதல் குருமார்கள் இருவர். ஒருவர் பியானோ சொல்லிக்கொடுத்தார். மற்றவர் கிதார் சொல்லிக்கொடுத்தார். இருவருமே கண் தெரியாதவர்கள்! கண் இல்லாமலும் வயிறு பிழைக்கலாம் என்பதற்குத் தகப்பனார் வேறு சாட்சி தேட வேண்டியிருக்கவில்லை.

1862-ம் ஆண்டில் ஹூலியன் ஆர்காஸ் என்ற பெரிய கிதார் வித்துவான் காஸ்தெய்யோனுக்குக் கச்சேரி செய்ய வந்தார். பையன் வாசிப்பதைக் கேட்டார். இவனைப் பார்சிலோனாவுக்கு அனுப்புங்கள், நான் சொல்லித் தருகிறேன் என்றார். தகப்பனார் சம்மதித்தார். ஆனால் ஒரு நிபந்தனை போட்டார். பியானோவையும் விடாமல் படிக்க வேண்டும்.

தகப்பனார் அப்படிச் சொன்னதில் நியாயம் இருந்தது. அந்தக் காலத்தில் பியானோவுக்குத்தான் மரியாதை. பணக்காரர் வீட்டுக் கூடத்தில் பியானோ இருந்தது. கிதாரோ சாராயக் கடையிலும் தெருக்கோடியிலும் பாட்டுக்குத் துணையாகத் தட்டும் வாத்தியம். தனியாக மேடையில் வைத்து வாசிக்கத் தகுந்தது என்று ஒப்புக்கொண்டவர்கள் சிலரே.

பையன் பார்சிலோனா போனான். ஆர்காஸ் கச்சேரிகளுக்காக வெளிநாடு போய்விட்டார். பத்து வயதுப் பையன் தங்கிய இடத்தை விட்டு ஓடிவிட்டான்! காப்பிக் கடைகளிலும் ஓட்டல்களிலும் கிதார் வாசித்துக் காசு சேர்க்கப் பார்த்தான். தகப்பனார் தேடிப் பிடித்து வீட்டுக்கு இழுத்து வந்தார். மூன்று ஆண்டு கழித்து மறுபடியும் ஓடினான். இந்தத் தடவை வாலென்சியா நகரம். அங்கே ஒரு ஜிப்ஸிக் கூட்டத்தோடு சேர்ந்துகொண்டான். மறுபடியும் தகப்பனார் போனார். மறுபடியும் பிடித்து வந்தார்.

பிறகு பையன் ஒருவாறு அடங்கினான். புரியானா என்ற சிறு ஊரில், பொழுதுபோக்கு மன்றம் ஒன்றில் பியானோ வாசிக்கும் வேலை கிடைத்தது. தகப்பனார் விருப்பப்படி, பியானோதான் சோறு போட்டது.

அந்த ஊரில்தான் கானெசா என்ற வியாபாரி அவனைக் கண்டார். நல்ல ரசிகர். இந்தக் கைக்கு நல்ல வாத்தியம் ஒன்று வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. செலவு என்னுடையது என்று சொல்லி, பையனைச் செவில் நகரத்துக்கு அழைத்துப் போனார். தோரஸ் கடையில் நுழைந்த இருவரும் இவர்கள்தான்.

தச்சர் தோரஸ்

தோரஸைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர் இல்லாமல் தாரெகா இல்லை.

அவர் 1817-ம் ஆண்டில் அல்மேரியா அருகே பிறந்தார். தொழில் தச்சு வேலை. இளம் வயதிலேயே கல்யாணம் நடந்தது. குழந்தைகள் பிறந்தன, சில இறந்தன. மனைவி 23 வயதில் காசநோயால் கண்ணை மூடினாள். அதன் பிறகு செவில் நகரத்துக்கு வந்து கிதார் செய்யத் தொடங்கினார். 1858-ம் ஆண்டில் செவில் பொருட்காட்சியில் அவர் கிதாருக்கு வெண்கலப் பதக்கம் கிடைத்தது.

அவர் என்ன புதுமை செய்தார்?

அதற்கு முன்பு கிதார் சின்னதாக இருந்தது. ஒலியும் சின்னது. தோரஸ் உடலைப் பெரிதாக்கினார். தந்திகளுக்கு அடியில் இருக்கும் மேல்பலகையை மெல்லியதாக இழைத்தார். மெல்லிய பலகை தந்தியின் இழுப்பைத் தாங்குமா? விரைவில் வளைந்து, உடைந்து போகுமே! அதற்காகப் பலகையின் உட்பக்கத்தில் மெல்லிய மரச் சட்டங்களை விசிறி மடிப்புப்போல ஒட்டினார். விசிறிச் சட்டம் முன்பே சிலருக்குத் தெரியும். அதை இவ்வளவு கணக்காகச் செய்து காட்டியவர் தோரஸ். பலகை தாங்கவும் செய்தது. தாராளமாக அதிரவும் செய்தது. உலகத்தில் இன்று மேடைக் கச்சேரிக்குச் செய்யப்படும் கிதார்களில் பெரும்பாலானவை அவர் போட்ட அளவைத்தான் பின்பற்றுகின்றன.

ஒலி எங்கிருந்து வருகிறது என்று அவருக்குப் பலரோடு வாதம் நடந்திருக்க வேண்டும். 1862-ல் வேடிக்கையான வேலை ஒன்று செய்தார். ஒரு கிதாரின் முதுகையும் பக்கங்களையும் காகித அட்டையாலேயே செய்துவிட்டார்! மேல்பலகை மட்டும் நல்ல மரம். கிதாரின் உயிர் மேல்பலகையில் இருக்கிறது, மற்றதெல்லாம் அதற்குத் துணைதான் என்று காட்டுவதற்காகச் செய்தது அது. பார்சிலோனா இசைப் பொருட்காட்சி சாலையில் அந்த அட்டைக் கிதார் இருக்கிறது.

பல ஆண்டு கழித்து, அவருக்குப் பழக்கமான ஒரு பாதிரியார் தொழில் ரகசியத்தைக் கேட்டாராம். மறைத்து வைக்க ஒன்றும் இல்லை என்றார் தோரஸ். பலகையைக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்துப் பார்ப்பேன், எவ்வளவு இழைக்க வேண்டும் என்று விரல் நுனி சொல்லும், அதை எப்படி எழுதி வைப்பது என்று கேட்டாராம்.

இப்படிப்பட்டவர் தனக்கென்று ஒரு கிதாரை ஒதுக்கி வைத்தார் என்றால் அது எப்படி இருந்திருக்கும்! அதன் முதுகும் பக்கங்களும் மேப்பிள் மரம். வெளிர் நிறம்.

இன்னொரு விஷயம். பையன் கடைக்கு வந்தது 1869-ல். அடுத்த ஆண்டு வாக்கில் தோரஸ் கடையை மூடிவிட்டார். எவ்வளவு புகழ் இருந்தும் கிதார் வேலையில் பிழைக்க முடியவில்லை. சொந்த மாவட்டமான அல்மேரியாவுக்குத் திரும்பி, பீங்கான் பாத்திரக் கடை வைத்தார்! சில ஆண்டுகள் கழித்துத்தான் மறுபடியும் உளியைத் தொட்டார். கானெசா ஒன்றிரண்டு ஆண்டு தாமதித்திருந்தால், பையன் செவில் வரை வந்து பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருப்பான்.

பியானோவா, கிதாரா?

கையில் நல்ல கிதார் வந்துவிட்டது. அதனால் வாழ்க்கை வழி தெளிந்துவிடவில்லை.

1874-ம் ஆண்டில் தாரெகா தலைநகரான மாட்ரிட் போய் இசைக் கல்லூரியில் சேர்ந்தார். அதற்கும் கானெசாதான் கை கொடுத்தார். அங்கே சங்கீத இலக்கணம் படித்தார், பியானோவும் படித்தார். தகப்பனார் சொல் இன்னும் காதில் ஒலித்துக்கொண்டே இருந்தது. பியானோ வாசித்தால் மாதச் சம்பளம் வரும்; கல்யாண வீடு வரும்; பெரிய மனிதர் பிள்ளைகள் பாடம் கேட்க வருவார்கள். கிதாரை நம்பினால்? அதை வைத்துக்கொண்டு குடும்பம் நடத்திய ஒரு கலைஞனைக் கண்டுபிடிப்பது கஷ்டம்.

கல்லூரியில் அரியெத்தா என்ற பேராசிரியர் இருந்தார். இசை நாடகங்கள் எழுதிப் பேர் பெற்றவர். அவர் தாரெகாவின் கிதாரைக் கேட்டார். கேட்ட பிறகு, பியானோவுக்கு ஆயிரம் பேர் இருக்கிறார்கள், கிதாருக்கு நீ வேண்டும் என்ற பொருளில் புத்தி சொன்னார்.

தாரெகா பியானோவை விட்டார். கிதாரைப் பிடித்தார். கண் பார்வை குறைந்த ஓர் ஏழைப் பிள்ளை, சோறு போடும் வாத்தியத்தை விட்டுவிட்டு, மனதுக்குப் பிடித்த வாத்தியத்தைத் தேர்ந்தெடுத்தது சாதாரணத் துணிச்சல் அல்ல. ஆனால் பியானோப் படிப்பு வீணாகவில்லை. பெரிய மேதைகளின் இசையை அவர் கிதாருக்கு மாற்றி எழுதினார். பாக், பேத்தோவன், ஷோப்பான் ஆகியோரின் இசை ஆறு தந்திகளுக்குள் வந்தது. அவருடைய நண்பரான அல்பேனிஸ், தான் பியானோவுக்கு எழுதியதைத் தாரெகா கிதாரில் வாசிக்கக் கேட்டு, இதுவே மேல் என்று சொன்னதாகச் சொல்வார்கள்.

லண்டனில் ஒரு கண்ணீர்த் துளி

1880-ம் ஆண்டு குளிர்காலத்தில், ஒரு நண்பருக்குப் பதிலாக நொவெல்டா என்ற ஊருக்குக் கச்சேரி செய்யப் போனார். கச்சேரி முடிந்ததும் ஊர்ப் பெரிய மனிதர் ஒருவர் வந்தார். என் மகள் கிதார் படிக்கிறாள், கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்கள் என்றார். மகள் பெயர் மரியா ஹொசே ரிஸோ. கேட்கப் போனவர் மாப்பிள்ளை ஆகிவிட்டார்! 1882-ம் ஆண்டு கிறிஸ்துமஸ் சமயத்தில் கல்யாணம் நடந்தது.

இடையில், 1881-ல், பிரான்ஸ் நாட்டில் லியோன் நகரத்திலும் பாரிஸ் நகரத்திலும் வாசித்துப் பேர் வாங்கினார். அந்தக் காலத்தில்தான் லண்டனுக்கும் போனார். லண்டன் அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. மொழி புரியவில்லை. பனியும் மூட்டமும் வாட்டின. ஒரு கச்சேரி முடிந்த பிறகு அவர் முகம் வாடியிருப்பதை நண்பர்கள் கண்டார்கள். இந்தத் துக்கத்தையே இசையாக்கிவிடலாமே என்றார்கள். அப்படிப் பிறந்தது லாக்ரிமா என்ற சிறு பாட்டு என்று சொல்வார்கள். லாக்ரிமா என்றால் கண்ணீர்த் துளி. இரண்டே நிமிஷம் வாசிக்கும் இசை. கிதார் படிக்கும் பிள்ளைகள் இன்றும் அதைப் படிக்கிறார்கள்.

இந்த ஊர்களுக்கெல்லாம் கூடவே போனது அந்த 1864-ம் ஆண்டுக் கிதார். ஒலிபெருக்கி இல்லாத காலம் அது. கிதாரின் குரல் எவ்வளவு தூரம் போகிறதோ, அவ்வளவு தூரம்தான் கச்சேரி. பெரிய மண்டபத்தில் கடைசி வரிசைக்கு ஒலி எட்டாது. அதனால் தாரெகா பெரிய மேடையைவிடச் சின்னக் கூடத்தை விரும்பினார். பத்து இருபது நண்பர்கள் சுற்றி உட்கார்ந்தால் போதும், மணிக்கணக்காக வாசிப்பார்.

சுமார் 20 ஆண்டுகள் அதுவே அவருடைய முதல் கிதார். ஆனால் மரமும் மூப்படையும். அதிலும் மெல்லிய பலகை. இத்தனை ஆண்டுகளாகத் தந்திகள் அதை இழுத்துக்கொண்டே இருந்தன. அந்தக் கிதார் தளர்ந்தது.

அவர் அப்போது என்ன செய்தார்? வேறு எந்தப் பட்டறைக்கும் போகவில்லை. மறுபடியும் தோரஸ்தான். தோரஸ் அல்மேரியாவில் 1883-லும் 1888-லும் செய்த கிதார்களும் தாரெகாவிடம் இருந்தன. வாத்தியம் மாறியது, அதை இழைத்த விரல் மாறவில்லை. 1892-ல் தோரஸ் இறந்தார். அவர் தம் காலத்தில் முந்நூறு கிதார்களுக்கு மேல் செய்திருப்பார் என்று கணக்கிடுகிறார்கள்.

அரண்மனை நீரூற்று

1885-ம் ஆண்டில் தாரெகா பார்சிலோனாவில் குடியேறினார். கானெசாவுக்குப் பிறகு அவருக்குக் கிடைத்த பெரிய ஆதரவு கொஞ்சா மார்த்தினெஸ் என்ற பணக்கார விதவை அம்மாள். குடியிருக்க வீடு கொடுத்தார். கிரானடா நகரத்துக்கும் அழைத்துப் போனார். அங்கே அரபு மன்னர்கள் கட்டிய அல்ஹாம்ப்ரா அரண்மனை இருக்கிறது. எங்கு பார்த்தாலும் நீரூற்றுகள், தண்ணீர்ச் சலசலப்பு.

அந்த அரண்மனையின் நினைவாக அவர் எழுதியதுதான், கிதார் இசையிலேயே மிகவும் புகழ் பெற்ற பாட்டு. அதில் ஒரு ஜாலம் இருக்கிறது. கிதார் தந்தியை மீட்டினால் ஒலி எழுந்து உடனே தேய்ந்துவிடும். குழல்போல நீண்டு ஒலிக்காது. ஆனால் இந்தப் பாட்டில் ஒலி அறுபடாமல் ஓடுகிறது! கட்டை விரல் கீழ்த் தந்திகளில் நடக்கும்போது, மற்ற மூன்று விரல்களும் மேலே ஒரே ஸ்வரத்தை ஒன்றன்பின் ஒன்றாக, படபடவென்று தட்டிக்கொண்டே போகின்றன. கேட்பவர்களுக்குத் தனித்தனித் துளி தெரியாது. ஒரே நீரோட்டம்தான் தெரியும். முதல் தடவை கேட்பவர்கள் இரண்டு பேர் வாசிக்கிறார்கள் என்று நினைப்பார்கள்.

1902-ம் ஆண்டில் அவர் செய்த இன்னொரு காரியம் பலரைத் திகைக்க வைத்தது. வலது கை நகங்களை வெட்டிவிட்டார்! நகத்தால் மீட்டினால் ஒலி பளிச்சென்று தூரம் போகும். விரல் சதையால் மீட்டினால் ஒலி குறையும். ஆனால் உருண்டையாக, மிருதுவாக இருக்கும். 50 வயதை எட்டும் வித்துவான், புகழ் உச்சியில் இருக்கும்போது, கை பழகிய வழியை விட்டுவிட்டுப் புது வழியில் சாதகம் செய்தார். நகமா, சதையா என்று கிதார் கலைஞர்கள் பிறகு வெகு காலம் சண்டை போட்டார்கள். அவருடைய சீடர்களே இரண்டு கட்சி. எமிலியோ புஹோல் குருவின் வழியில் சதையால் வாசித்தார். மிகேல் யோபெத் நகத்தை விடவில்லை. சீடன் தன் வழியில் போவதற்குத் தாரெகா தடை சொன்னதாகத் தெரியவில்லை.

அல்ஹாம்ப்ரா பாட்டுக்கும், கைபேசியில் ஒலித்த வால்ஸுக்கும் அவருக்குக் கிடைத்த பணம் பெரிதல்ல. 1990-களில் நோக்கியா அந்தத் துண்டை எடுத்துக்கொண்டபோது அவர் இறந்து 80 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. உரிமைத் தொகை கேட்க யாருக்கும் இடம் இல்லை.

கை விழுந்தது

1906-ம் ஆண்டு ஜனவரி மாதம் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் விழுந்துவிட்டது. கிதார் வித்துவானுக்கு வலது கைதான் குரல். கண் போய்விடும் என்று பயந்து தகப்பனார் தேடிக் கொடுத்த தொழில் இது. கண் கடைசி வரை முழுதும் போகவில்லை. கை போய்விட்டது.

தாரெகா விட்டுவிடவில்லை. விரல்களைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கினார். பழைய திறமை முழுதும் திரும்பவில்லை. இருந்தாலும் மறுபடியும் நாலு பேர் முன்னால் உட்கார்ந்து வாசிக்கும் அளவுக்குத் தேறினார். சீடர்களுக்குப் பாடமும் சொன்னார்.

1909-ம் ஆண்டு டிசம்பர் 2-ந் தேதி ஒரு சிறு இசைத் துண்டை எழுதி முடித்தார். அதற்குப் பெயர் ஒரேமுஸ். லத்தீன் மொழியில், பிரார்த்தனை செய்வோம் என்று பொருள். அதுதான் கடைசி. 13 நாள் கழித்து, டிசம்பர் 15-ந் தேதி, பார்சிலோனாவில் அவர் உயிர் பிரிந்தது. அப்போது வயது 57.

முதலில் பார்சிலோனாவிலேயே அடக்கம் செய்தார்கள். 1915-ம் ஆண்டில் அவர் உடலை எடுத்துக் காஸ்தெய்யோன் நகரத்துக்குக் கொண்டு போனார்கள். மங்கிய கண்ணுடன் இருந்த மகனைச் சங்கீதம் படிக்க வைப்பதற்காக, காவல்காரத் தகப்பனார் குடும்பத்தோடு குடிபோன ஊர் அது.